மருத்துவமனை வளாகத்துக்குப் பொதுவான குளிர்நீர், வெந்நீர் ஏற்பாடு: புதிதாகத் தொடங்குவோருக்கு

ஐந்தாறு கட்டிடங்கள் உள்ள மருத்துவமனை வளாகத்தில் வழக்கமாக ஒவ்வொரு மொட்டைமாடியிலும் ஒரு சில்லரும் (நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) ஒவ்வொரு கட்டிடத்தின் பின்புறம் ஒரு பாய்லரும் நிற்கும். இவற்றை எடுத்துவிட்டு, ஒரே ஆலையில் குளிர்நீரும் வெந்நீரும் தயாரித்து, நிலத்தடிப் பைப்புகள் வழியே எல்லாக் கட்டிடங்களுக்கும் அனுப்புவதுதான் பொது ஏற்பாடு. அலுவலக வளாகங்களைவிட மருத்துவமனைக்கு இது நன்றாகப் பொருந்தும். இங்கே சுமை இரவிலும் அதிகம் இறங்காது. வெளியே வெயில் கொளுத்தும்போதும் சூடு தேவைப்படும். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் காற்றின் ஈரத்தை எடுக்க அதை 11, 12 டிகிரி செல்சியஸ் வரை குளிர்விக்கிறோம்; அந்தக் குளிரோடு உள்ளே விட முடியாது என்பதால் மறுபடி சூடாக்குகிறோம். சலவைக்கூடம், சமையலறை, வார்டுக் குளியலறை எல்லாம் நாள் முழுக்க வெந்நீர் கேட்கும். தனித்தனி ஏற்பாட்டில் ஒரு கட்டிடத்தின் சில்லர் வெப்பத்தை வானத்தில் கொட்டிக்கொண்டிருக்க, பக்கத்துக் கட்டிடத்தில் அதே வெப்பத்துக்காக எரிபொருள் எரியும்.

திட்டமிடும் நாள் முதல் ஆலை ஓடும் காலம் வரை ஒரே ஓர் எண்ணை விடாமல் பாருங்கள்: கட்டிடங்களிலிருந்து திரும்பி வரும் நீரின் வெப்பநிலை. குளிர்நீர் நன்றாகச் சூடேறித் திரும்ப வேண்டும். வெந்நீர் நன்றாக ஆறித் திரும்ப வேண்டும். பைப்பின் அளவு, பம்பின் மின்சாரம், எத்தனை சில்லர் ஓட வேண்டும் என்பது எல்லாம் இதிலிருந்துதான் வரும்.

சுமையை அளப்பது

இருக்கிற இயந்திரங்களின் பெயர்ப்பலகைத் திறனைக் கூட்டி ஆலையின் அளவை முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு கட்டிடத்தையும் வடிவமைத்தவர் தன் பங்குக்குக் கொஞ்சம் கூட்டி வைத்திருப்பார். போதாததற்கு, எல்லாக் கட்டிடங்களும் ஒரே மணியில் உச்சத்தைத் தொடுவதில்லை. சதுர மீட்டருக்கு இத்தனை டன் (குளிர்த்திறனின் அலகு) என்ற தோராயக் கணக்கும் மருத்துவமனையில் ஏமாற்றிவிடும்: ஒரு வார்டுக்கும் ஓர் ஐ.சி.யு.வுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு பெரியது.

15 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்த ஓர் ஆண்டுப் பதிவு இருந்தால் சிறப்பு. இல்லையென்றால், பைப்பை வெட்டாமல் வெளியே மாட்டும் அல்ட்ராசானிக் ஓட்டமானி ஒன்றும், போகும் பைப்பிலும் திரும்பும் பைப்பிலும் வெப்பநிலை சென்சாரும் வைத்து, கடும் வெயில் காலத்தில் இரண்டு வாரமும் குளிர் அல்லது மழைக் காலத்தில் இரண்டு வாரமும் அளக்கலாம். குளிர்ச் சுமை, வெப்பச் சுமை இரண்டையும் ஒரே நேர அச்சில் வரையுங்கள். இரண்டு கோடுகளும் ஒரே நேரத்தில் உயர்ந்து நிற்கும் பரப்பு எவ்வளவோ, அவ்வளவு வெப்பம் இப்போது வீணாகிறது.

உச்சம் 2,000 டன் என்று வைத்துக்கொள்வோம். 1,000 டன் சில்லர் இரண்டு வாங்குவது காகிதத்தில் மலிவு. ஆனால் அதிகாலை மூன்று மணிக்குச் சுமை 300 டன்னுக்கு இறங்கும்போது பெரிய சென்ட்ரிஃபியூகல் சில்லர் தடுமாறும். அடிக்கடி நின்று ஓடும். 600 டன் மூன்று, 250 டன் ஒன்று, இவை போக மாற்றுக்கு இன்னொரு 600 என்று பிரித்தால் எந்த மணிக்கும் பொருத்தமான கூட்டு கிடைக்கும். மாற்று இயந்திரத்தை ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று பட்ஜெட்டிலிருந்து எடுக்கும் பேச்சு எழும். எடுக்க விடாதீர்கள்.

வெப்பநிலைகளை முடிவு செய்வது

கணக்கு எளியது. 1 டன் என்பது 3.517 கிலோவாட். நொடிக்கு எத்தனை லிட்டர் என்பதற்கு, கிலோவாட்டை 4.19-ஆலும் போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் உள்ள இடைவெளியாலும் வகுக்க வேண்டும். 1,000 டன்னுக்கு இடைவெளி 5 டிகிரி என்றால் நொடிக்கு 168 லிட்டர். 8 டிகிரி என்றால் 105 லிட்டர். 350 மி.மீ. பைப் கேட்கும் இடத்தில் 250 மி.மீ. போதும். அதே பைப்பில் ஓட்டம் இவ்வளவு குறைந்தால் பம்பின் மின்சாரம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிவிடும். ஆகவே குளிர்நீர் 6 டிகிரியில் போய் 14 டிகிரியில் திரும்பும்படி வடிவமையுங்கள். இதற்கேற்ற காயில்களில் (குளிர்நீர் ஓடிக் காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள்கள்) வரிசைகள் கூடுதலாக வேண்டும். பழைய காயில்கள் 7-க்கும் 12-க்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவை என்றால் எவை தாங்கும், எவற்றை மாற்ற வேண்டும் என்று முன்பே பட்டியல் போடுங்கள்.

வெந்நீருக்கு 60 டிகிரியில் போய் 40-இல் திரும்புவது நல்ல தொடக்கம். திரும்பும் நீர் 55-க்குக் கீழே இருந்தால்தான் கண்டென்சிங் பாய்லர் புகையிலுள்ள நீராவியைக் குளிர்வித்து அதன் வெப்பத்தைப் பிடிக்கும். மேலே போனால் அது விலை கூடிய சாதாரண பாய்லர்தான். வளாகம் முழுக்க நீராவி ஓடும் பழைய மருத்துவமனையாக இருந்தால், அதை வெந்நீருக்கு மாற்றுவதையே முதலில் யோசியுங்கள். பழுதான ஸ்டீம் டிராப் (நீராவியை விடாமல் நீரை மட்டும் வடிக்கும் வால்வு), திரும்பாத கண்டென்சேட் (நீராவி குளிர்ந்து ஆன நீர்), சூடான சுரங்கம் என்று நீராவி வழிநெடுகத் தின்றுகொண்டே போகும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக வளாகம் 2015-இல் இப்படித்தான் நீராவியிலிருந்து வெந்நீருக்கு மாறியது. சில்லர்கள் வெளியேற்றும் வெப்பமே அங்கே வெந்நீர் வலையமைப்புக்குப் பெரும்பகுதியைத் தருகிறது.

வெப்பத்தைத் திருப்பிப் பிடிக்கும் சில்லர்

சாதாரண சில்லர் 1,000 கிலோவாட் குளிருக்கு 170, 180 கிலோவாட் மின்சாரம் எடுத்து, வெப்பம் முழுவதையும் கூலிங் டவர் வழியே வெளிக்காற்றில் விடும். வெப்பம் பிடிக்கும் சில்லர் அதே 1,000 கிலோவாட் குளிருக்கு ஏறத்தாழ 400 கிலோவாட் எடுக்கும். பதிலுக்கு 60 டிகிரி வெந்நீராக 1,400 கிலோவாட் தரும். கூடுதலாகச் செலவான 220 கிலோவாட்டுக்குக் கிடைத்த வெப்பம் அது.

இதை உச்சச் சுமைக்கு வாங்கக் கூடாது. நீங்கள் வரைந்த வரைபடத்தில் ஆண்டின் பெரும்பாலான மணிகளில் குளிரும் சூடும் சேர்ந்து இருக்கும் அளவுக்கு வாங்குங்கள். சிறியதாக வாங்கி நாள் முழுக்க ஓட்டுவதே லாபம். ஓட்டும் வரிசையில் இதுதான் முதலில் வர வேண்டும், கடைசியாக நிற்க வேண்டும். பல ஆலைகளில் இந்த இயந்திரம் சும்மா நிற்பதற்குக் காரணம், வெந்நீர் 50-க்கு மேல் சூடாகவே திரும்பி வருவது. கண்டென்சருக்குள் (சில்லர் வெப்பத்தை வெளியேற்றும் பகுதி) அவ்வளவு சூடான நீர் வந்தால் சில்லர் உயர் அழுத்தத்தில் நின்றுவிடும். ஆப்பரேட்டர் இரண்டு முறை ரீசெட் செய்துவிட்டு, பாய்லரைப் போட்டுவிடுவார்.

வலையமைப்பில் சேர்க்கக் கூடாதவை

கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவுக்கு 134 டிகிரி நீராவி வேண்டும். அதுவும் உலர்ந்த, சுத்தமான நீராவி. அந்த ஒரு பிரிவுக்காக வளாகம் முழுக்க நீராவிப் பைப் வைத்திருப்பது வீண். அங்கேயே ஒரு சிறு நீராவி ஜெனரேட்டர் வையுங்கள், மாற்றுக்கு இன்னொன்றும். காற்றில் ஈரம் சேர்க்கும் நீராவிக்கும் இதே நியாயம்: பாய்லர் ரசாயனம் கலந்த நீராவி நோயாளியின் மூச்சுக்குள் போகக் கூடாது.

எம்.ஆர்.ஐ.யின் ஹீலியம் கம்ப்ரெஸருக்கு ஒரு நாளின் எல்லா மணியும் குளிர்நீர் வேண்டும். நின்றால் ஹீலியம் கொதித்து ஆவியாகத் தொடங்கும். அதற்குத் தனிச் சில்லர் வைத்து, பொது வலையமைப்பை மாற்றாக இணைப்பதே பாதுகாப்பு.

இடம், மாற்று மின்சாரம், சேமிப்புத் தொட்டி

ஆலையை அடித்தளத்தில் வைக்காதீர்கள். 2001-இல் அலிசன் புயல் மழையில் ஹூஸ்டனின் டெக்ஸாஸ் மெடிக்கல் சென்டரில் அடித்தளங்களில் வெள்ளம் புகுந்து மின்சாரம் போனது. நோயாளிகளை வெளியேற்ற வேண்டியிருந்தது. சுவிட்ச்கியரும் பம்பும் எதிர்பார்க்கும் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும்.

கூலிங் டவரின் இடம் அதைவிடக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டியது. அதிலிருந்து பறக்கும் நுண்துளிகளில் லீஜியோனெல்லா கிருமி இருந்தால் நோயாளிகள்தான் முதல் இரை. புதுக்காற்று எடுக்கும் வாய்க்கும் டவருக்கும் குறைந்தது 7.5 மீட்டர் என்று ஆஷ்ரே (அமெரிக்க ஏ.சி. பொறியாளர் சங்கம்) விதி சொல்கிறது. மருத்துவமனைக்கு அது கீழ்வரம்பு மட்டுமே. 2003-04-இல் பிரான்சின் பா-து-கலே பகுதியில் ஓர் ஆலையின் டவரிலிருந்து கிருமி 6 கிலோமீட்டருக்கு அப்பாலும் பரவியது. எனவே காற்று பெரும்பாலும் வீசும் திசையில் வார்டுகள் இல்லாத பக்கம் வையுங்கள். துளி தடுப்பான்களை ஆண்டுக்கு இரண்டு முறையாவது கழற்றிப் பாருங்கள்.

டவருக்குத் தண்ணீர் எவ்வளவு என்பதையும் முன்பே கணக்கிட வேண்டும். முழுச் சுமையில் ஒரு டன்னுக்கு மணிக்கு ஏறத்தாழ 6.5 லிட்டர் ஆவியாகும். உப்பு நான்கு மடங்கு செறியும் வரை விட்டு வடித்தால் இன்னும் 2.2 லிட்டர். 1,000 டன்னுக்கு மணிக்கு 8,700 லிட்டர். தண்ணீர் லாரி வராத நாளில் ஆபரேஷன் நடக்குமா என்ற கேள்விக்கு இந்த எண்தான் பதில். கட்டிடங்களின் ஏ.எச்.யு.க்களில் (காற்றைக் குளிர்வித்து அறைகளுக்கு அனுப்பும் பெட்டிகள்) வடியும் நீரைச் சேர்த்து டவருக்கு விடலாம். உப்பே இல்லாத நல்ல தண்ணீர் அது.

மின்சாரம் போய் ஜெனரேட்டர் வந்த பிறகும் சில்லர் மறுபடி முழுக் குளிருக்கு வரச் சில நிமிடங்கள் ஆகும். அந்த இடைவெளியை நிரப்புவது குளிர்நீர்த் தொட்டி. 1,000 கன மீட்டர் தொட்டி, 8 டிகிரி இடைவெளியில் 9,300 கிலோவாட்-மணி குளிரை வைத்திருக்கும். அதில் 90 சதவீதம் பயன்படும் என்று கொண்டால், 800 கிலோவாட் தேவைப்படும் தியேட்டர்களையும் ஐ.சி.யு.க்களையும் பத்து மணி நேரம் தாங்கும். பம்புகள் ஜெனரேட்டரில் இருந்தால் போதும். இடைவெளி 4 டிகிரியாகச் சுருங்கினால் அதே தொட்டி பாதித் தொட்டிதான். இன்னொன்று: தொட்டியில் குளிர்ந்த நீர் கீழேயும் சூடேறிய நீர் மேலேயும் அடுக்காக நிற்கும்; தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும். அதற்குக் கீழே குளிர்வித்து நிரப்பினால் அடுக்கு கலைந்துவிடும்.

பைப் பதிப்பது

வெந்நீருக்கு ஈ.என். 253 தரத்திலான பைப் வாங்குங்கள்: உள்ளே இரும்பு, நடுவில் பாலியூரித்தேன் நுரை, வெளியே பாலிஎத்திலீன் உறை. நுரைக்குள் ஓடும் இரண்டு செம்புக் கம்பிகள் ஈரம் பட்டால் எந்த மீட்டரில் என்று காட்டும். அந்தக் கம்பிகளை ஒவ்வொரு மூட்டிலும் இணைத்து, மண் போடுவதற்கு முன் சோதித்துக் கையெழுத்து வாங்குங்கள். இந்த ஒரு வேலையை விட்டுவிட்டால், பின்னாளில் கசிவைத் தேடித் தெருவையே தோண்ட வேண்டும். இரும்பு 100 மீட்டரில் 60 டிகிரி சூடேறும்போது 72 மி.மீ. நீளும், திருப்பங்களில் அதற்கு இடம் விட வேண்டும்.

பைப் கெடுவது பெரும்பாலும் மூட்டு உறையில்தான். வெல்டிங் நன்றாக இருக்கும்; உறையை மழையில், சேற்றுக் கையோடு மூடியிருப்பார்கள். நுரை ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு உறையையும் காற்றழுத்தம் வைத்து, சோப்பு நீர் தடவிப் பாருங்கள். குளிர்நீர்ப் பைப்பில் கேடு வேறு வழியில் வரும்: ஆவித்தடையில் ஒரு சிறு கிழிசல் இருந்தால் காற்றின் ஈரம் உள்ளே போய்க் குளிர்ந்து சொட்டி, இன்சுலேஷனுக்கு அடியில் இரும்பைத் தின்னும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

முக்கிய வழியை வளையமாக அமைத்து, ஒவ்வொரு கட்டிடத்தின் இருபுறமும் தனிமைப்படுத்தும் வால்வு வையுங்கள். எந்த ஒரு துண்டை மூடினாலும் மறுபக்கமிருந்து நீர் வர வேண்டும்.

இயங்கும் மருத்துவமனையில் மண் தோண்டுவது தனி வேலை. மண்ணைக் கிளறினால் ஆஸ்பெர்ஜிலஸ் பூஞ்சை வித்துகள் கிளம்பும். எலும்பு மஜ்ஜை மாற்று, ரத்தப் புற்றுநோய் வார்டுகளுக்கு அது உயிராபத்து. தோண்டும் தேதியைத் தொற்றுத் தடுப்புக் குழுவிடம் முன்பே சொல்லுங்கள். மண்ணை நனைத்தே தோண்டுங்கள். அருகிலுள்ள ஜன்னல்களையும் தேவையில்லாத புதுக்காற்று வாய்களையும் அடையுங்கள். ஆக்சிஜன் பைப் போகும் பாதையில் இயந்திரம் வேண்டாம், கையால் மட்டும்.

கட்டிட இணைப்பு

ஆலையின் நீரையே நேராகக் கட்டிடத்துக்குள் விடலாம். அல்லது பிளேட் வெப்பமாற்றி வைத்துப் பிரிக்கலாம். குளிர்நீருக்கு, ஒரே நிர்வாகத்தின் கீழுள்ள தாழ்ந்த கட்டிடங்கள் என்றால் நேர் இணைப்பே மேல்: வெப்பமாற்றி ஒரு டிகிரிக்கு மேல் விழுங்கிவிடும், அந்த ஒரு டிகிரி ஈரம் எடுப்பதில் தெரியும். 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் என்ற கணக்கில், உயரமான கட்டிடத்துக்கும் பழைய, அழுக்குப் பைப் உள்ள கட்டிடத்துக்கும் வெப்பமாற்றி வேண்டும். வெந்நீருக்குப் பிரித்து வைப்பதே நல்லது.

ஒவ்வொரு இணைப்பிலும் வர வேண்டியவை: வடிகட்டி, இருவழிக் கட்டுப்பாட்டு வால்வு, ஆற்றல் மீட்டர், இரு பக்கமும் அழுத்தமானி, தனிமைப்படுத்தும் வால்வுகள், காற்று வெளியேற்றி. மீட்டரின் இரண்டு வெப்பநிலை சென்சார்களும் தயாரிப்பாளரின் தொழிற்சாலையிலேயே ஜோடி சேர்த்துச் சரிபார்த்தவையாக இருக்க வேண்டும். 5 டிகிரி இடைவெளியில் 0.1 டிகிரி பிசகினாலே கணக்கில் 2 சதவீதம் தவறு.

குளிக்கவும் கழுவவும் குழாயில் வரும் வெந்நீரில் புதியவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்வார்கள். லீஜியோனெல்லா 20-க்கும் 45-க்கும் இடையில் பெருகும். தொட்டியில் 60 டிகிரி வேண்டும், சுற்றி வரும் நீர் 50-க்குக் கீழே இறங்கக் கூடாது, மருத்துவமனையில் 55 வைத்துக்கொள்ளலாம். ஆனால் வலையமைப்பில் வருவதே 60 என்றால் வெப்பமாற்றியைத் தாண்டித் தொட்டியில் 60 எப்படிக் கிடைக்கும்? வலையமைப்பு நீரால் 55 வரை சூடாக்கி, மீதியைக் கட்டிடத்திலேயே ஒரு சிறு ஹீட் பம்பாலோ மின் ஹீட்டராலோ ஏற்றுங்கள். அந்தக் கடைசி ஐந்து டிகிரிக்காக வளாகம் முழுவதையும் 70-க்கு ஏற்றினால் வெப்பம் பிடிக்கும் சில்லரின் பலன் போய்விடும். குழாய் வாயில் கை வெந்து போகாமலிருக்க, கலக்கும் வால்வை குழாய்க்கு மிக அருகில் வையுங்கள்.

இடைவெளி ஏன் சுருங்குகிறது

திட்டத்தில் 8 டிகிரி என்று எழுதிய ஆலை ஓடத் தொடங்கியபின் 4 டிகிரியில் வந்து நிற்பது சாதாரணம். நடப்பது இதுதான். ஒரு ஏ.எச்.யு.வின் காயிலில் அழுக்கு. காற்று கேட்ட குளிருக்கு வரவில்லை, வால்வு முழுக்கத் திறக்கிறது. நீர் வேகமாக ஓடி, சூடேறாமல் 9 டிகிரியில் திரும்புகிறது. கட்டிடங்கள் கேட்கும் ஓட்டம், ஓடும் சில்லர்கள் தரும் ஓட்டத்தைத் தாண்டுகிறது. திரும்பும் நீரில் கொஞ்சம், போகும் பைப்பையும் திரும்பும் பைப்பையும் ஆலையில் சேர்க்கும் இணைப்புப் பைப் வழியே, போகும் நீரோடு கலக்கிறது. 6 டிகிரியில் போக வேண்டியது 8-இல் போகிறது. தியேட்டரில் வெப்பநிலை சரியாகத்தான் இருக்கும், ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டும். புகார் வரும். ஆப்பரேட்டர் இன்னொரு சில்லரைப் போடுவார். இப்போது மூன்று சில்லர்கள் 40 சதவீதச் சுமையில் ஓடும்; எல்லாரும் ஆலை போதவில்லை என்பார்கள்.

சில்லர் வாங்குவதற்கு முன் மீட்டர் பட்டியலை எடுத்து, திரும்பும் நீர் மிகக் குளிர்ந்து வரும் கட்டிடத்துக்கு முதலில் போங்கள். அங்கே பார்க்க வேண்டியவை பெரும்பாலும் இவைதான். மூன்றுவழி வால்வு (காயிலுக்கு வேண்டாத நீரைப் பக்கவழியே திருப்பி அனுப்புவது) ஏதாவது மிச்சமிருக்கிறதா. இருந்தால் அதன் பக்கவழியை அடைத்துவிடுங்கள், ஆனால் அந்த வால்வு முழு அழுத்தத்துக்கு எதிராக மூடுமா என்றும் பாருங்கள். காற்று 13 டிகிரி போதுமான இடத்தில் யாராவது 10 என்று வைத்திருக்கிறார்களா. காயிலால் எட்ட முடியாத எண்ணை வைத்தால் வால்வு ஒருநாளும் மூடாது. பைப்பின் கடைசி முனையில் ‘குளிராக இருக்கட்டும்’ என்று திறந்துவிட்ட வால்வு இருக்கிறதா. காயிலுக்கு நீர் எந்தப் பக்கம் நுழைகிறது: காற்று வெளியேறும் பக்கம் நுழைந்து, காற்று உள்ளே வரும் பக்கம் வெளியேற வேண்டும். மாற்றி மாட்டிய காயில்கள் வியப்பூட்டும் அளவுக்கு அதிகம். சுவரை ஒட்டி பைப் கொண்டுவர எது எளிதோ அப்படி மாட்டியிருப்பார்கள். நின்றுபோன ஏ.எச்.யு.வின் வால்வு மூடுகிறதா என்பதையும் கையால் பைப்பைத் தொட்டே கண்டுபிடிக்கலாம்.

புதிய இணைப்புகளுக்கு அழுத்தம் மாறினாலும் ஓட்டம் மாறாத வகைக் கட்டுப்பாட்டு வால்வே வாங்குங்கள். ஆலைப் பம்பின் வேகத்தை நிர்ணயிக்கும் அழுத்த சென்சார் பம்ப் அறையில் இருக்கக் கூடாது. கடைக்கோடிக் கட்டிடத்தில் இருக்க வேண்டும். கட்டிடங்களுக்குள் செலவைப் பிரிக்கும்போது ஆற்றலுக்கு மட்டும் காசு வாங்காமல், குறைந்த இடைவெளியில் திருப்பி அனுப்புவதற்கும் கூடுதல் கட்டணம் வையுங்கள். அதன் பிறகு காயில்கள் தானாகச் சுத்தமாகும்.

கழுவி, நிரப்பி, மாற்றுவது

வெல்டிங் கசடும் மண்ணும் காயிலுக்குள் போகாமல், ஒவ்வொரு கட்டிடத்தின் நுழைவிலும் தற்காலிகப் பக்கவழி போட்டு முதலில் முக்கியப் பைப்பை மட்டும் கழுவுங்கள். ஓட்டம் வேகமாக இருக்க வேண்டும். மெதுவாக ஓடும் நீர் கசடை நகர்த்தாது. வடிகட்டியில் மெல்லிய வலை போட்டு, இரண்டு முறை தொடர்ந்து சுத்தமாக வரும்வரை திறந்து பாருங்கள். பிறகு மென்னீரோ உப்பு நீக்கிய நீரோ நிரப்பி, அரிப்புத் தடுப்பு மருந்தை அன்றைக்கே சேர்க்க வேண்டும். கழுவிய பைப்பை வாரக்கணக்கில் மருந்தில்லாமல் விட்டால் துருவும் கிருமிப் படலமும் உட்கார்ந்துகொள்ளும், மறுபடி முதலிலிருந்து.

கட்டிடங்களை மாற்றும் வரிசை: நிர்வாகக் கட்டிடம், வெளிநோயாளிப் பிரிவு, வார்டுகள், கடைசியாக தியேட்டரும் ஐ.சி.யு.வும். நள்ளிரவில் மாற்ற வேண்டாம். ஆபரேஷன் பட்டியல் இல்லாத நாளின் காலையில், எல்லாத் தொழிலாளரும் கடைகளும் கிடைக்கும் நேரத்தில் மாற்றுங்கள். பழைய சில்லரையும் பாய்லரையும் வால்வு மூடி அப்படியே வைத்திருந்து, ஒரு முழு வெயில் காலமும் ஒரு முழுக் குளிர்காலமும் கடந்த பிறகே கழற்றுங்கள்.

ஓட்டும்போது பதிய வேண்டியவை

ஒவ்வொரு ஷிஃப்டிலும் கட்டிடவாரியாகத் திரும்பும் வெப்பநிலை, போகும் வெப்பநிலை, சேர்ப்பு நீர் (சுற்றில் குறைவதை ஈடுகட்டச் சேர்க்கும் நீர்) மீட்டர். கடைசியாகச் சொன்னதைப் பலர் வாங்குவதே இல்லை. மூடிய சுற்று தண்ணீரே குடிக்கக் கூடாது; நாளுக்குச் சில நூறு லிட்டர் ஏறினால் எங்கோ கசிகிறது, அதோடு புது ஆக்சிஜனும் உள்ளே வந்து பைப்பை அரிக்கிறது. தனிமைப்படுத்தும் வால்வுகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கால் சுற்றாவது திருப்புங்கள். பல ஆண்டுகள் தொடாத வால்வு தேவைப்படும் நாளில் நகராது. ஆண்டுக்கு ஒருமுறை, அறிவித்துவிட்டு, ஆலைக்கு வரும் மின்சாரத்தை உண்மையிலேயே துண்டியுங்கள். ஜெனரேட்டர், பம்ப், தொட்டி, சில்லர் ஒவ்வொன்றும் எத்தனை நொடியில் வந்தன, அந்த நேரத்தில் தியேட்டரின் ஈரப்பதம் எவ்வளவு ஏறியது என்று எழுதி, அந்தத் தாளை ஆலைக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள்.